ஒரு வினைச்சொல்லும் இரு வசனங்களும்: ‘ஏதேனுக்குக் கிழக்கே’ நாவலும் திரைப்படமும்

ஜான் ஸ்டைன்பெக் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏதேனுக்குக் கிழக்கே’ (ஈஸ்ட் ஆவ் ஈடன்) என்னும் ஆங்கில நாவல் ஓர் எபிரேய வினைச்சொல்லை நோக்கியே நடந்து, அச்சொல்லிலேயே சென்று முடிகிறது. நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கும் தந்தை, தன்னால் உடன்பிறந்தான் மாண்டான் என நெஞ்சழிந்து நிற்கும் மகனை நோக்கி அவ்வொரு சொல்லை மட்டும் மொழிந்து கண்ணயர்கிறான். மூன்றாண்டு கழித்து, 1955-இல், எலியா கசான் அந்நாவலைத் திரைப்படமாக்கினார். படத்தில் அச்சொல் ஓரிடத்தும் ஒலிக்கவில்லை. நாவலின் உயிர்நிலையைப் படம் பறிகொடுத்தது என்று கூறுவாரும், திரைக்கலைக்கு வேண்டாத சுமையை அது இறக்கிவைத்தது என்று கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்தா என்பது எம் கருத்து. சொல் போயிற்று, அதன் பொருள் போகவில்லை, வேறொருவர் வாய்க்கு மாறிற்று. மாறியவிடத்து அப்பொருள் என்னவாயிற்று என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க நாவல் ஒன்றையும் அமெரிக்கப் படம் ஒன்றையும் பற்றித் தமிழாய்வு இதழில் எழுதுவானேன் என்று வினவுவார்க்கு ஒரு விடை உண்டு. ஸ்டைன்பெக்கின் கதை முழுதும் தங்கியிருப்பது ஒரு வினைமுற்றின் பொருள்மேல். அஃது எதிர்காலமா, ஏவலா, இசைவா என்பதே அங்கு எழும் வழக்கு. ஏவலையும் வியங்கோளையும் இத்துணை நுணுக்கமாகப் பிரித்துக் கண்ட இலக்கண மரபிற் பயின்றோர் அவ்வழக்கை ஆங்கில வாசகரினும் தெளிவாகக் காண இயலும்.

முதலில் நாவலின் வரலாறு. ஸ்டைன்பெக் 1902-இல் கலிபோர்னியாவின் சாலினாஸ் நகரிற் பிறந்தவர், 1962-இல் நோபெல் பரிசு பெற்றவர், 1968-இல் மறைந்தார். இந்நாவலை அவர் 1951-இல் எழுதினார். தம் இளம்புதல்வர் இருவர்க்கும் தாம் பிறந்த பள்ளத்தாக்கின் கதையைச் சொல்வதாகவே தொடங்கினார். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் நாவலும், எதிர்ப்பக்கத்தில் தம் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிசிக்குக் கடிதமுமாக நாடோறும் எழுதிவந்தார். அக்கடிதங்கள் 1969-இல், அவர் மறைவுக்குப்பின், தனி நூலாக வெளிவந்தன. ஒரு பெருநூல் உருவான வழியை அந்நூலாசிரியனே நாள்தோறும் குறித்துவைத்த சான்று இலக்கிய வரலாற்றில் அரிது. நம் காப்பியப் புலவருள் ஒருவரேனும் இத்தகைய ஏட்டை விட்டுச் சென்றிலரே என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

நாவல் நான்கு பகுதிகளை உடையது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் இரு குடிகளின் கதை பின்னிச் செல்கிறது. ஒன்று ஹாமில்டன் குடி. அயர்லாந்தின் வடபாலிலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் ஹாமில்டன் ஆசிரியரின் தாய்வழிப் பாட்டனாரே ஆவார். மற்றொன்று கற்பனையில் அமைந்த டிராஸ்க் குடி. இக்குடியில் உடன்பிறந்தார் பகை ஒருமுறையன்று, இருமுறை நிகழ்கிறது.

முதல் தலைமுறையில் ஆடம், சார்லஸ் என இருவர். தந்தையின் பிறந்தநாளன்று சார்லஸ் அரிதின் ஈட்டிய காசில் நல்லதொரு கத்தி வாங்கிக் கொடுக்கிறான். ஆடமோ தெருவிற் கண்டெடுத்த நாய்க்குட்டி ஒன்றைக் கொடுக்கிறான். தந்தை நாய்க்குட்டியை உவந்து ஏற்கிறார், கத்தியைப் பொருட்படுத்தவில்லை. சார்லஸ் ஆடமைச் சாகும் அளவிற்கு அடித்து நொறுக்குகிறான். இரண்டாம் தலைமுறையில் ஆடமின் இரட்டைப் புதல்வர் காலெப், ஆரன். இங்கும் ஒருவன் கொடை மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டவன் மற்றவனை அழிக்கிறான். ஆதியாகமம் நான்காம் அதிகாரத்துக் காயீன், ஆபேல் கதையே இருமுறையும் திரும்புகிறது. பெயர்களின் முதலெழுத்தும் அதனைக் காட்டும். சார்லஸ், காலெப் என்பன ஆங்கிலத்திற் காயீன் பெயர்க்குரிய எழுத்தையும், ஆடம், ஆரன் என்பன ஆபேல் பெயர்க்குரிய எழுத்தையும் முதலாக உடையன. இம்முதலெழுத்து விளையாட்டு சற்றே மிகையெனத் தோன்றினும், ஆசிரியர் அதனை மறைக்க முயலவில்லை.

ஈண்டு ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலத்தில் உடன்பிறந்தானைச் சுட்டும் சொல் மூப்பும் இளமையும் உணர்த்துவதில்லை. தமிழில் தமையன் என்றோ தம்பி என்றோ சொல்லாது ஒருவனைச் சுட்டல் எளிதன்று; சொன்னவுடனே உரிமையும் கடமையும் உடன்வந்து நிற்கும். காயீன் மூத்தவன் என்பது விவிலியக் கதைக்கு இன்றியமையாதது. ஸ்டைன்பெக்கோ இரண்டாம் தலைமுறையினரை இரட்டையராக்கி, மூப்புரிமை என்னும் கேள்வியையே மழுங்கச் செய்துவிட்டார். பகைக்குக் காரணம் பிறப்பு முறையன்று, தந்தையின் அன்பே என்று ஆக்குவதற்கு இஃது அவருக்கு வேண்டியிருந்தது.

இனி அச்சொல்லுக்கு வருவோம். பெற்ற குழந்தைகளை விட்டுத் தாய் கேத்தி ஓடிப்போனபின், ஆடம் அவர்களுக்குப் பெயரும் இடாது மனமிறந்து கிடக்கிறான். சாமுவேல் ஹாமில்டன் அவனை இடித்துரைத்து எழுப்புகிறார். சாமுவேல், ஆடம், அவன் வீட்டுப் பணியாளனாகிய சீனக்குடியினன் லீ ஆகிய மூவரும் கூடிக் காயீன் கதையைப் படித்துப் பெயர் தேடுகின்றனர். ஆண்டுகள் பல சென்றபின் மூவரும் மீண்டும் கூடும் ஒருநாள், லீ தன் ஆராய்ச்சியைக் கூறுகிறான். காயீனிடம் கடவுள் பாவத்தைப்பற்றிக் கூறும் ஏழாம் வசனம் அவனை உறங்கவிடவில்லை. 1611-இன் ஜேம்ஸ் மன்னர் திருப்புதல் அதனை ‘நீ ஆள்வாய்’ என்னும் உறுதிமொழியாகத் தருகிறது. 1901-இன் அமெரிக்கத் திருந்திய பதிப்போ ‘நீ ஆள்’ என்னும் கட்டளையாகத் தருகிறது. எது சரி? லீ சான்பிரான்சிஸ்கோவில் தன் குலத்து முதியோரிடம் இவ்வினாவைக் கொண்டுசெல்கிறான். அம்முதியோர் இவ்வொரு சொல்லின்பொருட்டு எபிரேய மொழியைக் கற்கத் தொடங்குகின்றனர். யூத ஆசான் ஒருவர் துணைநிற்கிறார். ஈராண்டுக்குப்பின் விடை கிடைக்கிறது. ‘திம்ஷெல்’ என்பது உறுதிமொழியும் அன்று, கட்டளையும் அன்று. ‘நீ ஆளலாம்’ என்பதே அதன் பொருள். ஆளலாம் எனின் ஆளாமலும் இருக்கலாம். ஆகவே வழி திறந்தே கிடக்கிறது, தேர்வு மனிதனுடையது. நாவலின் நெஞ்சம் இதுவே.

இவ்விடத்து லீயின் பாத்திரத்தைக் கடந்து செல்லுதல் ஆகாது. அவன் அமெரிக்க மண்ணிற் பிறந்தவன், நன்கு கற்றவன். ஆயினும் முதலிற் கொச்சை ஆங்கிலமே பேசித் திரிகிறான். சீனன் ஒருவன் செவ்விய ஆங்கிலம் பேசினால் கேட்போர் செவி அதனை ஏற்பதில்லை, எதிர்பார்த்த கொச்சையையே கேட்கிறது என்று சாமுவேலிடம் விளக்குகிறான். சீனர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை அந்நாட்டில் நின்றதை நினைவிற் கொள்ளின் அவன் கூற்றின் வலி புலனாகும். தன் சொல்லுக்கே செவிகிட்டாத ஒருவன், பிறர் அனைவரும் காதாற் கேட்டும் கருத்திற் கொள்ளாத ஒரு சொல்லின் பொருளைக் கண்டு கொணர்கிறான். இப்பொருத்தம் தற்செயலானதன்று.

ஸ்டைன்பெக்கின் இலக்கண முடிவு எவ்வளவு ஏற்கத்தக்கது? முதற்கண், எபிரேய வாய்பாட்டின்படி அச்சொல் ‘திம்ஷோல்’ என ஒலிக்க வேண்டுவது. ‘திம்ஷெல்’ என்பது நாவலாசிரியர் எழுத்து. அஃது ‘ஆள்’ என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த முன்னிலை ஆண்பால் ஒருமை முற்று. முடிவுறா வினையை உணர்த்தும் வடிவம். அவ்வடிவம் எதிர்காலத்தையும் உணர்த்தும், கட்டளையாகவும் நிற்கும், இசைவையும் இயலுதலையும் குறிக்கும். சூழலே பொருளை வரையறுக்கும். ஆதலின் ‘ஆளலாம்’ என்பது பொருந்தும் பொருள்களுள் ஒன்றே. அதுமட்டுமே பொருள் எனத் துணிதல் கூடாது. சீன முதியோர் ஈராண்டு கற்றுக் கண்டது இலக்கண விதியன்று, ஓர் உரைகாரன் கொள்ளும் துணிபு எனல் வேண்டும். உரைகாரர் துணிபால் மூலத்திற்குப் புதுப்பொருள் பிறத்தல் நாம் அறியாததன்று. திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பர்.

தமிழ்க்கண் கொண்டு நோக்கின் இச்சிக்கல் மேலும் விளங்கும். ‘ஆள்வாய்’ என்பது எதிர்கால முற்று. சூழல் நோக்கி ஏவற்பொருளும் தரவல்லது. ‘ஆள்க’ என்பது வியங்கோள். தொல்காப்பியர் வியங்கோளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் பெரும்பாலும் பொருந்தாதென விலக்க, நன்னூலார் இடம், பால் எங்கும் செல்லும் என விரித்தார். வாழ்த்து, வேண்டுகோள், விதித்தல் என அதன் பொருளும் பலவாயின. ‘ஆளலாம்’ என்பதோ ‘ஆளல்’ என்னும் தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து ஆயது. இதன் ஈற்றில் தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை, படர்க்கையும் இல்லை. நானும் ஆளலாம், நீயும் ஆளலாம், அவனும் ஆளலாம். ‘ஆள்வாய்’ என்ற அளவிலே ஒருவனை நோக்கி விரல் நீள்கிறது. ‘ஆளலாம்’ என்றவழி அவ்விரல் மடங்கிவிடுகிறது. செயல்மட்டும் கைக்கெட்டும் இடத்தில் நிற்கிறது. ஸ்டைன்பெக் நாடிய விடுதலை இதுவே என்று தோன்றுகிறது. அவர் தமிழறிந்திருப்பின் ஈராண்டு ஆராய்ச்சிக்கு இடமின்றி நாவல் சற்றுச் சுருங்கியிருக்கும்.

நம் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இவ்வசனம் ஒரு முடிச்சுடையது. ஹென்றி பவர் முதலியோர் திருத்த 1871-இல் வெளிப்போந்த தமிழ் விவிலியம் ‘ஆண்டுகொள்’ என்பதனடியாக எதிர்கால முற்றையே பெய்தது. ஆங்கிலத் திருப்புதல் இரண்டனுள் முன்னதன் வழி அது. அதனினும் நோக்கத்தக்கது, ஆளப்படும் பொருளை அஃது ‘அவன்’ என உயர்திணைச் சுட்டாற் குறித்தமை. பாவம் அஃறிணை, அதனை ‘அவன்’ என்றல் திணைவழு. எனவே தமிழ் வாசகன் ‘அவன்’ என்பது ஆபேலையே சுட்டும் எனக் கொள்ளல் இயல்பு. மூத்தவன் இளையவனை ஆள்வான் என்பது பொருளாகிவிடும். குறை மொழிபெயர்த்தாரதன்று. எபிரேய மூலத்திலேயே பாவத்தைக் குறிக்கும் சொல் பெண்பாலாயிருக்க, பின்வரும் சுட்டு ஆண்பாலாயிருக்கிறது. பழைய உரைகாரருள் சிலர் இதனால் உடன்பிறந்தானையே கொண்டனர். பலர் பாவத்தைக் கொண்டனர். ஸ்டைன்பெக் பின்னவர் பக்கம். ஆளவேண்டுவது பாவத்தையா, உடன்பிறந்தானையா? இவ்வினாவை நெஞ்சில் நிறுத்திப் படத்திற்குச் செல்வோம்.

திரைக்கதை எழுதியவர் நாடகாசிரியர் பால் ஆஸ்பர்ன். அவரும் கசானும் நாவலின் முதல் மூன்று பகுதிகளையும் விடுத்து, இறுதிப் பகுதியின் நிகழ்ச்சிகளை மட்டும் கொண்டனர். காலம் 1917, முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய ஆண்டு. சார்லஸ் இல்லை, சாமுவேல் ஹாமில்டன் இல்லை, லீயும் இல்லை. ஆகவே உடன்பிறந்தார் பகை மீண்டும் மீண்டும் நிகழ்வது என்னும் அமைப்பே மறைந்தது. இதற்கு ஈடாகப் படம் ஒன்றைப் படைத்தது. நாவலில் தாய் நடத்தும் பரத்தையர் இல்லம் சாலினாசிலேயே இருக்கிறது. படமோ அதனை மலைக்கு அப்பால், சுமார் 15 மைல் தொலைவிலுள்ள மாண்டரே துறைமுகத்திற்குக் கொண்டுபோயிற்று. இங்குத் தந்தையின் உழவூர், அங்குத் தாயின் இருள்நகர், இடையே மலை. காலெப் சரக்கு இருப்பூர்தியின் மேலேறி அங்குமிங்கும் அலைகிறான். நாவல் தலைமுறைகளாகச் சொன்னதைப் படம் நிலமாகக் காட்டிற்று. திணையறிந்தார்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. மாண்டரேயாக நாம் காண்பது உண்மையில் வடக்கே மெண்டசீனோ என்னும் ஊர்.

காலெப்பாக நடித்தவர் ஜேம்ஸ் டீன்; தலைமைப் பாத்திரத்தில் அவருக்கு இதுவே முதற்படம். தந்தையாக ரேமண்ட் மாசி, ஆரனாக ரிச்சர்ட் டவாலோஸ், ஆரனின் காதலி ஆப்ராவாக ஜூலி ஹாரிஸ், தாயாக ஜோ வான் பிளீட். படம் 1955 மார்ச்சில் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் டீன் கார் விபத்தில் இறந்தார். வயது 24. அவர் இறந்தபின் ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு பெற்றவர் ஜோ வான் பிளீட். டீனின் மறைவு இப்படத்தின்மேல் ஒரு புகழ்மூட்டத்தைப் படரவிட்டுவிட்டது. படத்தைப்பற்றி எழுதப்பட்டனவற்றுட் பல அவரைப்பற்றி எழுதப்பட்டனவே. இங்கு அதனை விடுக்கிறோம்.

சொல் இடம்மாறிய காட்சிக்கு வருவோம். காலெப் பனிக்கட்டிகளைச் சரிவில் உருட்டிவிட்ட குற்றத்திற்காகத் தந்தை அவனை மேசையின் எதிர்ப்புறம் இருத்தி விவிலியம் படிக்கச் செய்கிறார். பகுதி 32-ஆம் சங்கீதம். குற்றத்தை அறிக்கையிடுதலும் மன்னிப்புப் பெறுதலும் அதன் பொருள். காலெப் வசன எண்களையும் வேண்டுமென்றே சேர்த்துப் படிக்கிறான். எண்களை விட்டுப் படி என்கிறார் தந்தை. அவன் மீண்டும் எண்ணோடு படிக்கிறான். சினிமாஸ்கோப் என்னும் அகன்ற திரையை அக்காலத்துப் பலரும் மலையும் படையும் காட்டப் பயன்படுத்த, கசான் ஒரு மேசையின் நீளத்தைக் காட்டப் பயன்படுத்தினார். காமிராவும் சாய்ந்து நிற்கிறது. வீடே ஒருபுறம் சரிந்தாற்போல் தோன்றும். மாசியிடம் உண்மையான சினத்தை எழுப்புதற்காகக் கசானின் தூண்டுதலால் டீன் படிக்கும்பொழுது இழிசொற்களைக் கலந்து கூறினார் என்றொரு செய்தி வழங்குகிறது. அது மெய்யாயின் அம்முகத்திற் காணும் சீற்றம் நடிப்பன்று.

அச்சீற்றத்தின் ஊடே தந்தை காலெப்பிடம் ஒன்று கூறுகிறார். நீ உன்னை எவ்வாறு வேண்டினும் ஆக்கிக்கொள்ளலாம். அது உன் கையில் உள்ளது. மனிதனுக்குத் தேர்வு உண்டு. விலங்கினின்று அவன் வேறுபடுவது அதனால் என்பது அக்கூற்றின் கருத்து. இது ‘திம்ஷெல்’லே அன்றி வேறென்ன? சொல்லை விட்டுப் பொருளைப் பெய்திருக்கிறார் ஆஸ்பர்ன். ஆயின், நாவலில் ஒரு பணியாளனும் முதியோர் சிலரும் அன்பினால் ஆண்டுகள் செலவிட்டுக் கண்டெடுத்த பொருள், படத்தில் கண்டிக்கும் தந்தையின் வாயில், தண்டனையின் நடுவில் வருகிறது. இலக்கணத்தால் அது ‘ஆக்கிக்கொள்ளலாம்’. கேட்கும் மகனின் செவியில் அது ‘ஆக்கிக்கொள்’. இசைவுச்சொல் உரைப்போன் குரலால் ஏவலாகிவிட்டது. காலெப் அதற்கு விடையும் கூறவில்லை. தன்னோடு பேசுமாறு தந்தையை வேண்டித் தாயைப்பற்றிக் கேட்கிறான். தேர்வுண்டு என்றாரிடத்து அவன் தான் யார் மகன் என்று வினவுகிறான். நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்துகொள்ளுமுன் அவனுக்கு அன்பு வேண்டியிருக்கிறது. படத்தின் துணிவு இதுவே. நாவலின் துணிவுக்கு இஃது எதிர்ப்பக்கம் நிற்பது.

இதனை அறிந்தபின் பிற மாற்றங்கள் தாமே விளங்கும். தந்தை காய்வகைகளைப் பனிக்கட்டியிட்டுத் தொலைநகர்க்கு அனுப்ப முயன்று, வண்டி தடைப்பட்டதாற் பெரும்பொருள் இழக்கிறார். அதனை ஈட்டித்தரக் காலெப் போர்க்காலத்து அவரை விலையை நம்பி வாணிகத்தில் இறங்குகிறான். முதல் 5,000 டாலர். நாவலில் அதனைத் தன் சேமிப்பினின்று தருபவன் லீ. படத்தில் லீ இல்லையாதலின் தருபவள் தாய். பரத்தையர் இல்லத்து வருவாய் அது. கதைமாந்தரைக் குறைக்கச் செய்த சிக்கனம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நாவலில் அக்கொடையில் போரின் மாசு மட்டும் உண்டு. படத்திலோ தந்தை வெறுத்து மறந்த மனைவியின் பணம், அவர் அறியாமலே, மகன் கைவழி அவர் பிறந்தநாள் மேசைக்கு வருகிறது. தாயையும் தந்தையையும் தன் ஈட்டத்தால் ஒன்றுசேர்க்கிறான் காலெப். அதனைத் தந்தை மறுப்பது மகனை மட்டும் மறுப்பதன்று.

அம்மறுப்புக் காட்சியே படத்தின் மணி. நாவலில் அது நன்றியறிதல் திருநாளன்று நிகழ்கிறது. தொகை 15,000 டாலர். படம் தந்தையின் பிறந்தநாளாக்கிற்று. முதல் தலைமுறையிற் கத்தியும் நாய்க்குட்டியும் கொடுக்கப்பட்டதும் தந்தையின் பிறந்தநாளே. விட்டொழித்த பகுதியின் நிழல் இவ்வாறு உள்ளே வந்துவிட்டது. தந்தை படைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருப்பவர். தாம் ஒப்பமிட்டு அனுப்பும் இளைஞருட் சிலர் மீள்வதில்லை. அப்போரால் விளைந்த ஊதியத்தைத் தொடமாட்டேன் என்கிறார். அறத்தின்பால் அவர் கூற்றிற் பிழையில்லை. பிழையில்லாமையே கொடிது. எழுதப்பட்டபடி காலெப் திரும்பி வெளியேறல் வேண்டுமாம். டீன் அவ்வாறு செய்யாது பணத்தோடு மாசியின்மேற் சாய்ந்து தழுவி அழுதார் என்பர். என்செய்வதென்று அறியாத மாசி பெயரை மட்டும் அழைத்து நிற்கிறார். காலெப்பின் கைகள் தந்தையைச் சுற்றியிருக்க, தந்தையின் கைகள் செல்லிடம் அறியாது நிற்பதைத் திரையிற் காணலாம்.

அதன்பின் காலெப் ஆரனைத் தாயிடம் இழுத்துச் சென்று நிறுத்துகிறான். தூயவளென்று எண்ணியிருந்த தாயைக் கண்ட ஆரன் சிதைகிறான். குடித்துப் படையிற் சேர்கிறான். மேல் எழுப்பிய வினாவிற்கு விடை இங்கு உளது. நாவல் ‘அவன்’ என்னும் சுட்டைப் பாவமெனக் கொண்டது. படத்தின் காலெப் ஆள்வது பாவத்தையன்று, உடன்பிறந்தானை. ஆரன் எங்கே என்று தந்தை வினவ, காயீன் கடவுளுக்கு இறுத்த அதே விடையைக் காலெப் இறுக்கிறான். அவன் காவலாளி நானல்லேன் என்பது அதன் கருத்து. ஒன்பதாம் வசனம் அது. நிலையத்தில் ஆரன் வண்டியின் கண்ணாடியைத் தலையால் மோதி உடைத்து நகைக்க, தந்தை பக்கவாதமுற்று விழுகிறார். பின்னர்த் தந்தை கிடக்கும் வீட்டில், ஊர்க்காவல் தலைவர் காலெப்பிடம் காயீன் உடன்பிறந்தானைக் கொன்று ஏதேனுக்குக் கிழக்கே நோத் நாட்டிற் சென்று தங்கினான் என்று எடுத்துக்கூறி, நீயும் எங்கேனும் போய்விடு என்கிறார். பதினாறாம் வசனம் அது. நூற்றலைப்பு வந்த இடமும் அதுவே. ஆக, நாவல் நின்றது ஏழாம் வசனத்தில். படம் நிற்பது ஒன்பதிலும் பதினாறிலும். ஸ்டைன்பெக்கிற்குக் காயீன் தேர்வுடையவன். கசானுக்கு அவன் வெளியேற்றப்பட்டவன்.

கசான் 1909-இல் கான்ஸ்டான்டிநோபிளிற் கிரேக்கக் குடியிற் பிறந்து, சிறுகுழந்தையாய் அமெரிக்கா வந்தவர். 1952-இல் சட்டமன்றக் குழுவின்முன் தம் பழைய தோழர் சிலரின் பெயர்களைக் கூறியதனாற் கலையுலகில் நண்பர் பலரை இழந்தார். ஆர்தர் மில்லரோடு கொண்ட நட்பும் அவற்றுள் ஒன்று. தம் தந்தையோடு தமக்கிருந்த உறவே காலெப் கதையிற் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இவற்றைக் கொண்டு படத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் ஆசிரியன் வாழ்விலே மூலம் தேடும் ஆராய்ச்சியில் எமக்கு விருப்பமில்லை. ஏழாம் வசனத்தைவிடப் பதினாறாம் வசனம் அவரை ஈர்த்தமை வியப்பன்று என்ற அளவில் நிறுத்துகிறோம். 1981-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இந்நாவலைப் பல மணி நேரத் தொடராக எடுத்தபொழுது சார்லசும் லீயும் இடம்பெற்றனர். ஆயினும் இக்கதை என்றவுடன் உலகோர் நினைவில் எழுவது 1955-இன் படமே.

இறுதிக் காட்சியை நாவலோடு ஒப்பிடல் வேண்டும். நாவலில் ஆரன் போரில் இறந்த செய்தி வந்துவிட்டது. மன்னிப்பை வேண்டி மன்றாடுபவன் லீ. தந்தை வாய்திறந்து ‘திம்ஷெல்’ என்கிறார். படத்தில் ஆரன் போருக்குப் போயிருக்கிறானே அன்றி இறந்தானல்லன், மன்றாடுபவள் ஆப்ரா. அவள் வேண்டுவதும் வேறு. உம் அன்பிற்கு ஏதேனும் ஓர் அடையாளம் காட்டுக. அவனிடம் எதையாவது கேளுங்கள் என்கிறாள். கொடுக்க வந்த மகனைத் திருப்பிய தந்தைக்கு இதனினும் நுட்பமான தண்டனையும் இல்லை, மருந்தும் இல்லை. செவிலி எரிச்சலூட்டுகிறாள், அவளை மாற்று என்று தந்தை தொடங்குகிறார். பின் காலெப்பின் செவியில் ஏதோ முணுமுணுக்கிறார். வேறு எவரையும் கொணர வேண்டா, நீயே என்னோடிருந்து என்னைப் பார்த்துக்கொள் என்பது அது. அம்மொழியை நாம் தந்தை வாயிற் கேட்பதில்லை. காலெப் திரும்பி ஆப்ராவிடம் உரைக்கவே கேட்கிறோம். நாவலின் முடிவு ‘ஆளலாம்’ என்னும் இசைவு. படத்தின் முடிவு ‘இரு’ என்னும் ஏவல். ஏவல் வடிவில் வந்த இரப்பு. மேசையின் எதிர்ப்புறத்திலிருந்து தேர்வைப்பற்றி அறிவுரை கூறிய அதே தந்தை, கையும் காலும் அசையாது கிடக்கையில், மகனிடம் ஒன்றை வேண்டுகிறார். காலெப் நாற்காலியை இழுத்துப் படுக்கையருகில் இட்டு அமர்கிறான்.